ஹீரோவை உதைத்தவர்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். காலை பத்து மணிக்கு வருவார். டிபன் பாக்ஸை ஜன்னலோரம் வைப்பார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உதைப்பார். அதற்குத்தான் சம்பளம். ஐடி கார்டில் கௌரவமாக வேறு என்னவோ அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுத்து என்ன வேலை என்று கேட்டால் ஒளிவுமறைவே கிடையாது. "கம்பெனில ஒதைக்கிற வேலைங்க" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வார்கள்.

அவர் உதைத்தது ஒரு ரோபோவை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். நாலு கால் உள்ள, தலை இல்லாத, ஓர் ஆட்டின் உயரத்துக்கு ஒரு மெஷின் செய்து அதை நடக்கவும் ஓடவும் படியேறவும் பழக்கிக்கொண்டிருந்தோம். நடப்பது அத்தனை பெரிய விஷயமில்லை. யாராவது இடித்தாலும் விழாமல் சுதாரித்துக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். அதற்கு அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளத்தள்ள எந்தக் காலை எங்கே மாற்றி வைத்தால் நிற்கலாம் என்று அது தானாகக் கற்றுக்கொள்ளும். அது கற்றுக்கொள்வதை கம்ப்யூட்டரில் பார்த்துத் திருத்துவது என் வேலை.

தள்ளுவதற்குத்தான் ஆள் இல்லை. படித்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒழுங்காக உதைக்கத் தெரியவில்லை. நான் உதைத்தால் மெஷின் அசையவே இல்லை. இன்னொருவன் வேகமாக உதைத்து கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டான். கடைசியில் எங்கள் பாஸே மாப் குச்சியை எடுத்து அதன் விலாவில் குத்திக்கொண்டிருந்த மத்தியானத்தில், மோட்டார் போட மாடிக்குப் போன வாட்ச்மேன் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பேய் ஓட்டுறீங்களா?"

பாஸ் விஷயத்தை விளக்கினார். வாட்ச்மேன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கே படவேண்டும் என்று கேட்டார். பாஸ் விலாவில் ஓர் இடத்தைக் காட்டினார். எவ்வளவு வேகம் என்று கேட்டார். பாஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. "செரி, சும்மா ஒரு இருவது போட்றேன், பாத்துச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். நான் திரையில் கிராஃபைப் பார்த்தேன். இருபது மலைகள், ஒரே உயரம், ஒரே அகலம். நான் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பாஸ் புரிந்துகொண்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கட்டடத்துக்கு வேறு வாட்ச்மேன் வந்தார்.

கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் சினிமா ஃபைட்டராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அத்தனை படத்தில் எதிலும் வராத பேர் இதில் மட்டும் எதற்கு என்று அவரே கேட்பார். நாங்கள் ஃபைட்டர் அண்ணன் என்று கூப்பிட்டோம். மெஷினுக்குப் பாடம் நடத்துகிறேன் என்பதால் என்னை அவர் டீச்சரம்மா என்றார். மெஷினுக்கு அவர் வைத்த பெயர் ஹீரோ.

"ஏண்ணா ஹீரோ?"

"அடிக்கிறவனா ஹீரோ? நான்கூடத்தான் அடிப்பேன். எத்தினி அடி வாங்கினாலும் வுழாம நிக்கிறான் பாரு, அவன்தான் ஹீரோ. வுழறது நம்ம டிபார்ட்மென்ட்டு."

விழுவதில் அவருக்கு இருந்த பெருமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கண்ணாடி மேல் விழுவது, காய்கறி வண்டி மேல் விழுவது, மாடியிலிருந்து அட்டைப்பெட்டி மேல் விழுவது என்று டீக்கடை வாசலிலேயே நடித்துக் காட்டுவார். இன்னொரு பெருமையும் இருந்தது. முப்பது வருஷத்தில் அவர் விட்ட உதை ஒன்றுகூட எதிரே நின்றவர் மேல் பட்டதில்லையாம். கேமராவுக்குப் பட்ட மாதிரி இருக்கும், ஆளுக்குப் படாது. ஒருமுறை எதிர் ஃபைட்டர் அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டான். இவர் அந்தரத்திலேயே காலைத் திருப்பிக்கொண்டார். "அவன் தப்பிச்சான். முட்டிதான் கொஞ்சம் பேஜாராய்டுச்சி" என்று வலது முழங்காலைத் தட்டிக் காட்டுவார். தட்டிவிட்டு உடனே, "இப்ப ஒன்னியும் இல்ல, சோக்கா கீது" என்று சேர்த்துக்கொள்வார்.

யார் மேலும் காலைப் படவிடாதவருக்கு வேலையே காலைப் படவைப்பது என்று ஆகிவிட்டது. அதை அவர் தன் வழியில் சரிக்கட்டினார். ஒவ்வொரு உதைக்கும் அடுத்த நொடி குனிந்து, ஹீரோவின் முதுகில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். பிறகு நிமிர்ந்து அடுத்த உதை. பிறகு குனிந்து அடுத்த ஒற்றல். ஒரு நாளைக்கு எத்தனை உதையோ அத்தனை ஒற்றல்.

ஹீரோ மட்டுமில்லை. மேஜைக்கடியில் என் சார்ஜர் வயரை மிதித்துவிட்டால் வயரைத் தொட்டு ஒற்றிக்கொள்வார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் காய்கறிப் பை, தரையில் கிடந்த பழைய பில், லேத் பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய், எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். நாய் முதலில் முறைத்தது, பிறகு பழகிவிட்டது. ஒருநாள் அவசரத்தில் கதவைக் காலால் தள்ளித் திறந்துவிட்டு, இரண்டு கையிலும் டீ கிளாஸ்கள் இருந்ததால், நெற்றியால் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மொட்டைமாடியில் ஹீரோவை ஓடவிட்டுப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தலையில்லாத அந்த ஜந்து தடதடவென்று தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் குழந்தைகளைப் போலக் கத்தினோம். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஓடறது இன்னா பெரிசு? ஓடிக்கினு கீற சொல்ல ஒன்னு வாங்கணும், வாங்கிட்டு ஓடணும். அதான் ஓட்டம்" என்று சொல்லி, அடுத்த சுற்றில் குறுக்கே போய் ஓர் உதை விட்டார். ஹீரோ இரண்டு தப்படி தடுமாறி, சுதாரித்து, நின்றது. இவர் நொண்டிக்கொண்டே அதன் அருகில் போய், முதுகைத் தொட்டு ஒற்றிக்கொண்ட பிறகுதான் மறுபடி ஓடியது. நாங்கள் கைதட்டினோம். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

இந்த மெஷின் எதற்கெல்லாம் உதவும் என்று பாஸிடம் ஒரு பட்டியல் இருந்தது. பூகம்ப இடிபாட்டில் ஆள் தேடும். சுரங்கத்துக்குள் போய் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும். மின்சார நிலையத்தில் ராத்திரி ரோந்து சுற்றும். வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் மருந்து கொண்டுபோகும். டீ நேரத்தில் அவர் பட்டியலைச் சொல்லச் சொல்ல ஃபைட்டர் அண்ணன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தண்ணி கேன் தூக்குமா சார்?"

"தூக்கும்ணே. ஆனா அது சின்ன விஷயம்."

"மூணாவது மாடிக்கி?"

வாராவாரம் இந்தக் கேள்வி வந்தது. அவர் வீடு கோடம்பாக்கத்தில் ஒரு பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கேன்காரர் படியேற மாட்டார், கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். இதை நான் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் சிரிப்பாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் சரியாத்தானே கேக்கறார்? நம்மாத்துல கேனைக் கவுக்கறதுக்குள்ள என் இடுப்பு போயிடறது. நீ பூகம்பத்துக்கு மெஷின் பண்ணிண்டிருக்கே" என்றாள்.

ஆறு மாதம் போயிற்று. கம்பெனி மூச்சுத் திணற ஆரம்பித்தது. வாங்க ஆள் கிடைக்காவிட்டால் அந்த வருஷத்தோடு கதவை மூடிவிடுவதாக பாஸ் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அப்போதுதான் தி.நகரில் லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து டெமோ பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பாஸ் வெளிநாட்டு ரோபோ வீடியோக்கள் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனவர். உதைக்காவிட்டால் அது டெமோவே இல்லை என்பது அவர் எண்ணம். டெமோவுக்கு முந்தின நாள் ஃபைட்டர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாளைக்கு அந்தக் கும்பிடு மட்டும் வேண்டாம். வெளியாளுங்க முன்னாடி பூஜை போடற மாதிரி இருக்கும்."

"கால் பட்டா தொட்டுத்தான் சார் ஆவணும்."

"மனசுக்குள்ள தொட்டுக்கோங்க."

மறுநாள் வந்தவர்களுக்குத் தலைமை ஓர் அம்மாள். காட்டன் புடவை, தோளில் பெரிய பை, எதையும் நம்பாத கண்கள். ஹீரோ நடந்தது, திரும்பியது, நாங்கள் பலகையில் அடித்துவைத்த படிகளில் ஏறி இறங்கியது. பாஸ் கண்ணைக் காட்டினார். ஃபைட்டர் அண்ணன் உதைத்தார். கை தானாக முன்னால் நீண்டது. பாதியில் அதைப் பிடித்து இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஹீரோ இரண்டு தப்படி வைத்து நின்றுவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது அதோடு விடவில்லை. மெதுவாக முதுகைத் தாழ்த்தியது. அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்தது. எதற்கோ காத்திருந்தது. பிறகு இல்லாத ஏதோ ஒரு பாரத்தை மேலே தூக்குவதுபோல ஓர் எக்கு எக்கி, அந்த வேகத்தில் தடாலென்று பக்கவாட்டில் விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் இதேதான். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வருகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

"நான் தொட்டிருந்தா வுழுந்திருக்காது சார்" என்றார் ஃபைட்டர் அண்ணன். பாஸ் அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அன்று சாயங்காலமே எனக்கு விடை கிடைத்துவிட்டது. கிராஃபில் ஒவ்வொரு உதையின் மலைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன மேடு இருந்தது. ஆறு மாதமாக இருந்தது. நான் அதை முதல் வாரத்திலேயே பார்த்து, "கீழே லேத் ஓடும் அதிர்வு, பொருட்படுத்த வேண்டாம்" என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். அது லேத் இல்லை, அவர் கை. உதை விழுந்தால் அடுத்து முதுகில் ஒரு பாரம் இறங்கும், குனிந்து அதை வாங்கிக்கொண்டு தூக்க வேண்டும் என்று ஹீரோ ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான தடவை அந்தக் கையைப் பார்த்தவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் அம்மா நாலு தடவை, நான் நாலு தடவை செய்வதை எப்படி ஒரு சம்பவம் என்று கணக்கில் எடுப்பேன்? ஹீரோ மேல் என் கால் பட்டபோது நானும்தான் தொட்டு ஒற்றிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மீட்டிங்கில் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் கிராஃபைத் திரையில் போட்டு, சின்ன மேட்டைச் சிவப்பு வட்டத்தால் காட்டி, "இது அவர் கை" என்று மட்டும் சொன்னேன். கண்டுபிடித்த பெருமைகூடக் குரலில் இருந்தது.

"அப்ப ஆறு மாசமா அவர் கும்பிட்டதைத்தான் நாம இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோமா?" என்றார் பாஸ்.

நான் தலையாட்டினேன். என் குறிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றும்போது அது நழுவி அவர் பாதத்தில் விழுந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றி மேஜைமேல் வைத்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். "வரேன் டீச்சரம்மா. ஹீரோவை மூலைல போட்டுறாதீங்க" என்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

அவர் இடத்தில் கூரையிலிருந்து ஒரு மணல்மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். மூட்டை நன்றாகவே உதைத்தது. டீ கேட்கவில்லை, கதை சொல்லவில்லை, யாரையும் தொடவில்லை. இரண்டு வாரத்தில் ஹீரோவுக்குப் புதுப் பாடம் ஏறிவிட்டது. எப்படி இடித்தாலும் விழவில்லை. பழைய பாடத்தை அழித்துவிடச் சொன்னார் பாஸ். நான் அழிக்கவில்லை. பயன்படும் என்றெல்லாம் யோசிக்கவில்லை, மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாள் சொன்னபடி வந்தார். மூட்டை இடித்தது, ஹீரோ நின்றது. பாஸ் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு. அந்த அம்மாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி சார். எங்க ஃப்ளாட்ல எழுபது வயசுக்காரங்க இருக்காங்க. அவங்க யாரும் இதை உதைக்கப் போறதில்லை. தண்ணி கேனைத் தூக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ் அவசரமாக எங்கள் குடிதண்ணீர் கேனை வரவழைத்து, ஹீரோ நடந்துகொண்டிருக்கும்போதே முதுகில் வைத்தார். மூட்டையிடம் படித்த ஹீரோவுக்கு மேலே எது பட்டாலும் தாக்குதல்தான். விருட்டென்று பக்கவாட்டில் துள்ளியது. கேன் உருண்டு, உடைந்து, அலுவலகம் முழுக்கத் தண்ணீர். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"பத்து நிமிஷம் கொடுங்க மேடம்" என்றேன். பழைய பாடத்தை ஏற்றினேன். கீழே லேத் பட்டறையிலிருந்து இன்னொரு கேன் வாங்கி வந்தோம். நடந்துகொண்டிருந்த ஹீரோவின் முதுகில் வைத்தேன். அது முதுகைத் தாழ்த்தி, லேசாகச் சாய்ந்து கேனை வாங்கிக்கொண்டு, ஓர் எக்கு எக்கி நிமிர்ந்து நடந்தது. படியேறியது. தண்ணீர் உள்ளே தளும்பியதுகூட அதற்கு உறைக்கவில்லை.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கினார். "இதுக்கு யாரு இவ்வளவு மரியாதை கத்துக்கொடுத்தது?"

"இங்க ஒருத்தர் இருந்தார் மேடம்" என்றேன். பாஸ் தரையில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு பிளாக்கில் ஓட்டிக் காட்டுங்கள், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனதும் பாஸ் என்னிடம் திரும்பினார். "போய்க் கூட்டிட்டு வா. நான் வந்தா அவர் பேச மாட்டார்."

அவர் பிளாக்குக்குக் கீழே போய் நின்று போன் செய்தேன். கோபமே இல்லாமல் பேசினார். "வா டீச்சரம்மா. கீழ கேன்காரன் கேனை வச்சிட்டுப் பூட்டான். எவனாவது தூக்கிக்கினு போறானான்னு மட்டும் பாத்துக்கோ, பக்கத்து வூட்டாண்ட சொல்லி எடுத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். நான் தூக்கினேன். குற்ற உணர்ச்சி இருபது லிட்டர் தூக்கும் என்ற நினைப்பு. முதல் மாடியில் இடுப்பில் வைத்தேன், இரண்டாவது மாடியில் கட்டிப்பிடித்தேன், அதற்குமேல் தோளில் ஏற்றிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மூன்றாவது மாடியில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலிக் கையைப் பிடித்து இரண்டாவது முயற்சியில் எழுந்தார். அந்த முழங்காலின் நிலைமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேனை இறக்கினால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே பயம். தோளில் வைத்துக்கொண்டே கொட்டிவிட்டேன். "அண்ணா, அந்தக் கிராஃபைக் காட்டினது நான்தான். உங்க கைன்னு சொன்னதும் நான்தான். தப்பு உங்களோடது இல்லை. முதல் வாரமே அது தெரிஞ்சுது, லேத் அதிர்வுன்னு எழுதிட்டு விட்டுட்டேன். அதைச் சொல்லாம உங்களை மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சுடுங்கோ."

"இன்னாது? லேத்தா?"

"ஆமாண்ணா."

"என் கையி ஒனக்கு லேத்து மாறியா கீது?" "கேனை மொதல்ல எறக்கி வையி. அப்பால மன்னிப்பு கேளு. நீ வுழுந்தா தூக்க என்னால ஆவாது."

இறக்கி வைத்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஆபீஸ் பெண் கேன் தூக்கி வந்ததைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு மோர் எடுக்கப் போனார். ஃபைட்டர் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னு சொல்றேன், பாஸாண்ட சொல்லிக்காத. மன்னிப்புக்குத்தான் தொடுவேன், அது நெசம். ஆனா குனிஞ்சா எனக்கு எய்ந்துக்க முடியாது. அந்த ஹீரோ முதுவத்தான் புடிச்சிக்கினு எய்ந்துக்குவேன். முட்டி போச்சின்னு தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு ஒருத்தராண்டயும் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சி போச்சி. நாளாவ ஆவ அதுவே குனிஞ்சி வாங்கி என்னைத் தூக்கி வுடும்."

எனக்கு அழுகை வந்தது. இல்லாத பாரத்தைத் தூக்க எக்கி ஹீரோ விழுந்தது கண்முன் வந்து நின்றது. அது தேடியது இவரை.

"இன்னும் குனியுதா?" என்று கேட்டார்.

"குனியுதுண்ணா."

"அப்ப வரேன். ஆனா மொதல்ல ஏறுற படி எங்க வூட்டுப் படியா இருக்கணும். சொல்லிரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிளாக் மொத்தமும் படிக்கட்டுக் கைப்பிடிகளில் தொங்கியது. ஹீரோவின் முதுகில் கேனை வைத்துக் கட்டினோம். பாஸ் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. எங்க வீட்டுக்கும் வருமா, துணி மூட்டை தூக்குமா, ரேஷன் அரிசி தூக்குமா என்று பாஸின் பட்டியலில் இல்லாத கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாவது மாடியில் அவர் நாற்காலியில் காத்திருந்தார். ஹீரோ கடைசிப் படியேறி அவர் முன்னால் போய் நின்றது. கைதட்டல் கீழ்வரை போயிற்று.

அவர் மனைவிக்கு எங்கள் அலுவலகத்தில் நடந்தது எதுவும் தெரியாது. உதைக்கிற வேலை என்று சொன்னதையே அவர் நம்பியிருக்கவில்லை. செருப்பு ஸ்டாண்டும் நாற்காலியும் அடைத்த அந்தக் குறுகலான இடத்தில் மனைவிதான் புகுந்து, கட்டை அவிழ்த்து, பாஸோடு சேர்ந்து கேனை இறக்கினார். இறக்கித் திரும்பும்போது அவர் கால் ஹீரோவின் முன்னங்காலில் நன்றாகவே இடித்துவிட்டது.

"ஐய, கால் பட்டுடுச்சே" என்று சட்டென்று குனிந்து, ஹீரோவின் முதுகில் கையை வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஹீரோ முதுகைத் தாழ்த்தி, அவர் பக்கமாகச் சாய்ந்து, அந்தக் கையை வாங்கிக்கொண்டு, மெல்ல நிமிர்ந்து நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. பாஸ் திறந்த வாயை மூடவில்லை. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

நாற்காலியில் இருந்தவர் மனைவியைப் பார்த்தார், ஹீரோவைப் பார்த்தார், பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கீழ லேத்து ஓடுது போல கீது, டீச்சரம்மா" என்றார்.